நேர்கோடு நிமிர்த்திய கம்பி

என் மைத்துனனை அவன் சொந்தப் பெயரைச் சொல்லித் தேடி வருகிறவர் தபால்காரர் ஒருவர்தான். மற்ற எல்லாருக்கும் அவன் நேர்கோடு. அந்தப் பெயரை அவனுக்கு வைத்தவன் நான். என் பட்டறையில் நான் வைத்த பட்டப்பெயர் எதுவும் இதுவரை அழிந்ததில்லை. பெற்றவர்கள் வைத்த பெயர் மறந்துபோகும், நான் வைத்தது நிற்கும்.

அவனைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பாதிதான் விளங்கும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். அடுத்தவர் பட்டறையில் வெறுங்காலோடு இரும்புத்தூள் கூட்டினேன். அந்தத் தூள் குத்திய தழும்பு இன்னும் பாதத்தில் இருக்கிறது. இன்றைக்குப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள தெருவில் நுழைந்தால் முதலில் காதில் விழுவது என் லேத்து ஓடுகிற சத்தம்தான். இரும்பைக் கையில் வாங்கி ஒரு தடவை புரட்டிப் பார்த்தால் போதும், அது எந்த வண்டியில் எந்த இடத்தில் இருந்தது என்று சொல்லிவிடுவேன். பெருமைக்குச் சொல்லவில்லை. இந்த ஊரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

அப்படிப்பட்ட என்னிடம் என் மாமனார் தன் மகனைக் கொண்டுவந்து விட்டார். அப்போது அவனுக்கு மீசை முளைத்து முடிக்கவில்லை.

"இவனுக்குப் படிப்பும் வரலை, பேச்சும் வரலை மாப்பிள்ளை. உங்க கண்ணு முன்னால கிடக்கட்டும்" என்றார்.

என்ன வேலை கொடுப்பது என்று தெரியாமல், பழைய மரப்பெட்டிகளிலிருந்து பிடுங்கிய கோணல் ஆணிகள் நிறைந்த தகர டப்பா ஒன்றை அவன் முன்னால் வைத்தேன். சாயங்காலம் பார்த்தால் டப்பாவில் இருந்த அத்தனை ஆணியும் புது ஆணி போல நிமிர்ந்து, நீளவாரியாகப் பிரிந்து கிடந்தது. அவன் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டான்.

"வேற இருக்கா மாமா?"

இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டே அவன் இத்தனை வருஷம் ஓட்டிவிட்டான். ஆணிக்கு அப்புறம் சைக்கிள் சக்கரம், சக்கரத்துக்கு அப்புறம் இரும்புக் கதவு, அதற்கு அப்புறம் டிராக்டர் அச்சு. எதைக் கொடுத்தாலும் உடனே சுத்தியலை எடுக்க மாட்டான். தரையில் உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அந்த வளைவைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பான். வண்டியை நிறுத்திவிட்டு வந்தவர்களுக்குப் பொறுமை போய்விடும்.

"என்னப்பா, அடிக்கலாமான்னு அதுகிட்டயே அனுமதி கேக்குறியா?" என்பார்கள்.

அவன் சிரிப்பான். பிறகு ஒரு அடி. தேவைப்பட்டால் இன்னொன்று. நூல் பிடித்துப் பார்த்தால் நூலில்தான் குறை இருக்கும்.

பட்டறையோடு விட்டிருந்தால் பரவாயில்லை. கண்ணில் பட்ட வளைவையெல்லாம் நிமிர்த்தாமல் அவனால் இருக்க முடியாது. பேருந்தில் ஜன்னல் கம்பியை நிமிர்த்தி நடத்துநரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறான். அவனுடைய கல்யாணத்தில் போட்டோக்காரருடைய விளக்குக் கம்பம் கோணலாக நிற்கிறது என்று மாப்பிள்ளை எழுந்து போய்விட்டான். படத்தில் மணப்பெண் தனியாக நிற்கிறாள். ஓரத்தில் ஒரு முழங்கை மட்டும் தெரிகிறது.

என் மனைவி அவனுக்கு அக்கா. அவளுக்கு அவன் மேல் உயிர். ஆனாலும் அவன் வந்துவிட்டுப் போனால் ஒரு பாட்டு உண்டு. "தம்பி வந்துட்டுப் போனா வீட்டுல ஒரு கொக்கி மிஞ்சாது. சட்டை மாட்டுற கொக்கியைக்கூட நிமிர்த்தி வச்சிட்டுப் போயிருக்கான். துணியெல்லாம் தரையில கிடக்கு பாருங்க."

இதில் ஒரு வேடிக்கை, அவனுடைய சொந்தத் தோள் கோணல். வலது தோள் இடது தோளை விடத் தாழ்ந்து தொங்கும். சுத்தியல் பிடித்தே அப்படி ஆகிவிட்டது. "உன்னை யாருடா நிமிர்த்துறது?" என்று கேட்டால், "நான் ஓடிக்கிட்டுத்தானே இருக்கேன் மாமா, ஓடுற வண்டியை எதுக்குப் பிரிக்கணும்?" என்பான். ஆட்களையும் அவன் அப்படித்தான் நடத்துவான். யாருடைய குணத்தையும் அவன் நிமிர்த்தப் போனதில்லை. நான் கத்துகிற கத்தலுக்கு வேறு யாராக இருந்தாலும் சுத்தியலை வீசிவிட்டுப் போயிருப்பார்கள். இவன் நான் கத்தி முடிக்கும் வரை காத்திருந்து, வேற இருக்கா மாமா என்று கேட்பான்.

அவன் மனைவி தையல்காரி. கடைத்தெருவில் மாடிப்படிக்குக் கீழே ஒரு மெஷின் போட்டிருக்கிறாள். வாயும் கத்தரிக்கோல் மாதிரிதான். அவள் மெஷினில் குனிந்து சேர்த்ததையும் அவன் உலையில் வெந்து சேர்த்ததையும் ஒன்றாகப் போட்டு, ஊருக்கு வெளியே ஓடைக்கரைப் பக்கம் ஒரு துண்டு நிலம் வாங்கினார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். பள்ளமான நிலம். விற்றவனே அதை வேறொருவனிடம் வாங்கிச் சும்மா போட்டு வைத்திருந்தவன். வெயில் காலத்தில் பார்க்க லட்சணமாக இருக்கும். மழை வந்தால் தண்ணீர் வந்து உட்கார்ந்துகொள்ளும், போகிற வழி இருக்காது.

இவன் அதில் வெங்காயம் போட்டான். பாத்திகளை வெட்டியிருந்தான் பாருங்கள், அளவுகோல் வைத்துக் கோடு போட்டது போல. வழியில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். மழை வந்தது. அந்த நேர்கோடு அத்தனையும் தண்ணீருக்குள் போனது. வெங்காயம் அழுகி, அந்தப் பக்கமே மூக்கைப் பொத்திக்கொண்டு போக வேண்டியிருந்தது. அடுத்த வருஷமும் அதே கதை.

"உங்க மச்சினன் குளம் வாங்கியிருக்காராமே, மீன் எப்போ பிடிக்கலாம்?" என்று டீக்கடைக்காரர் என்னிடமே கேட்டார். அன்றோடு அந்தக் கடையில் டீ குடிப்பதை நிறுத்தினேன். அவரே தூக்குச்சட்டியோடு பட்டறைக்கு வந்து சமாதானம் பேச வேண்டியதாயிற்று.

செங்கல் சூளைக்காரர் அந்த நிலத்தின் மேல் கண் வைத்திருந்தார். களிமண் நல்ல மண் என்றார். ஆள் உயரத்துக்கு வெட்டி எடுத்துக்கொள்வாராம். அதற்கு அப்புறம் அது உண்மையிலேயே குளம்தான். தையல்காரி புருஷனிடம் தீர்த்துச் சொல்லிவிட்டாள்.

"இந்த ஒரு மழை பாக்குறேன். இந்தத் தடவையும் தண்ணி நின்னா, மண்ணை அவருக்குக் கொடுத்துடுவோம். அழுகுனதை அள்ளிக் கொட்ட எனக்கு இனிமே இடுப்பு இல்லை."

அவன் தலையாட்டினான். அந்த நிலம் போனால் அவனுக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பட்டறையில் அவன் நிமிர்த்துவதெல்லாம் அடுத்தவர் பொருள். சொந்தமாக அவன் போட்ட கோடு அந்தப் பாத்திகள் மட்டும்தான்.

அந்த வருஷ நடவுக்கு முன்னால், கரையோரம் வேலிக்கம்பம் ஊன்றக் குழி தோண்டியபோதுதான் மண்வெட்டியில் அது தட்டியது. மண்ணும் வேரும் துருவும் சேர்ந்து உருண்டு திரண்ட ஒரு பழைய இரும்பு. அவன் அதைத் தோளில் போட்டு நேராகப் பட்டறைக்குக் கொண்டுவந்திருக்கிறான். அன்றைக்கு நான் ஒரு அச்சு வாங்க வெளியூர் போயிருந்தேன். திரும்பி வந்தால் என் மேஜை மேல் ஒரு கம்பி பளபளவென்று கிடக்கிறது.

இடுப்பு உயரம் இருக்கும். கட்டைவிரல் பருமன். ஒரு முனையில் கனமான கொண்டை, அதில் சதுரமாக ஒரு ஓட்டை. மறுமுனை வழவழவென்று கைபட்டுத் தேய்ந்தது போல் இருந்தது.

"என்ன மாமா இது?" என்றான்.

கையில் எடுத்துப் புரட்டினேன். முதல் புரட்டில் தெரியவில்லை. இன்னொரு தடவை புரட்டினேன். நல்ல இரும்பு, உருக்கி ஊற்றியது இல்லை, அடித்துச் செய்தது. அதுவரைக்கும் சொல்லிவிட்டேன். என்னவென்று சொல்ல வரவில்லை.

கதவுக்கு மேலே இரண்டு ஆணி அடித்து அதைப் படுக்கவைத்தோம். வந்தவர்களெல்லாம் அண்ணாந்து பார்த்து ஆளுக்கொன்று சொன்னார்கள். லாரி டிரைவர் பீரங்கி துடைக்கிற கம்பி என்றார். முடிவெட்டுகிறவர் இடிதாங்கி என்றார். டீக்கடைக்காரர், பழைய ஜெயில் கதவுக்குச் சாவி என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார்.

"ஜெயில் சாவி வெங்காயத் தோட்டத்துக்கு எதுக்கு வந்துச்சு?" என்றேன்.

"ஓடிப்போனவன் சாவியை எடுத்துக்கிட்டே ஓடியிருப்பான். நானா இருந்தா அப்படித்தான் செய்வேன்" என்றார்.

என் பட்டறைக் கதவு மேலேயே பெயர் தெரியாத இரும்பு ஒன்று படுத்திருப்பது எனக்குத் தூக்கத்தில் கல் குத்துவது மாதிரி இருந்தது. நேர்கோட்டுக்கு அந்தக் கவலை இல்லை. அவன் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மழை வந்தது. முதல் நாளே பாத்தி முங்கியது. வெங்காயத் தாளின் நுனி மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. செங்கல் சூளைக்காரருக்குச் சேதி போனது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நிலத்துக்கே வந்து பேசி முடித்துக்கொள்வதாகச் சொல்லியனுப்பினார்.

அந்த வாரம் நேர்கோடு வேலைக்கு வந்தான், வேற இருக்கா மாமா என்று மட்டும் கேட்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் லாரி டிரைவர் தன் நண்பருடைய பழைய டீசல் எஞ்சினுக்கு உரிய சுற்றுக் கைப்பிடியைக் கொண்டுவந்தார். எஞ்சின் முன்னால் சொருகிக் கையால் சுற்றிக் கிளப்புவார்களே, அந்த மடங்கின கைப்பிடி. அதன் பிடி மேலே ஏதோ வண்டி ஏறி நசுங்கியிருந்தது. நேர்கோடு அதை வாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தான்.

"பாத்துப்பா" என்றார் டிரைவர். "உன் பழக்கத்துல மொத்தமா நிமிர்த்திப்புடாதே. அப்புறம் இதை வச்சு எஞ்சினை எழுப்ப முடியாது, கொசுதான் அடிக்கணும்."

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. கதவுக்கு மேலே பார்த்தேன். வேறு எவனாக இருந்தாலும் அந்தச் சிரிப்போடு விட்டிருப்பான். இரும்போடு நாற்பது வருஷம் பேசியவனுக்குத்தான் அந்த இடத்தில் மண்டைக்குள் மணி அடிக்கும்.

"மாப்ளே, நில்லு. மேல கிடக்குதே, அதை நீ தோண்டி எடுக்கும்போது எப்படி இருந்துச்சு?"

அவன் என்னைப் பார்த்தான், கம்பியைப் பார்த்தான். "வளைஞ்சு இருந்துச்சு மாமா."

"எத்தனை இடத்துல?"

"ரெண்டு இடத்துல."

"நிமிர்த்திட்டியா?"

"வளைஞ்சு இருந்துச்சே" என்றான்.

அடுப்புக்கரியை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். தரையில் உட்கார்ந்து வரைந்தான். யோசிக்கவே இல்லை. நேராக வந்து ஒரு மடக்கு, கொஞ்சம் போய் எதிர்ப்பக்கம் இன்னொரு மடக்கு. டிரைவர் கொண்டுவந்த கைப்பிடியைப் பக்கத்தில் வைத்தேன். அண்ணன் தம்பி மாதிரி இருந்தது.

"மடங்கின இடத்துல இரும்பு மெலிஞ்சு இருந்துச்சா?"

"இல்ல மாமா. தடிமனா இருந்துச்சு. உள்பக்கம் கொஞ்சம் புடைச்சு."

"அப்போ அது அடிபட்டு வளைஞ்சது இல்லடா. அடிபட்டு வளைஞ்சா மெலியும், கீறல் விடும். இது வளைச்சுச் செஞ்சது. எதையோ சுத்துற கைப்பிடி. உன் நிலத்துல சுத்துறதுக்கு என்னமோ இருக்கு."

அவன் முகம் வெளுத்துவிட்டது. "நான் அதைக் கெடுத்துட்டேனா மாமா?"

எனக்குக் கத்த வாய் வந்தது. அந்தத் தொங்கின தோளைப் பார்த்ததும் சத்தம் உள்ளேயே போய்விட்டது. "கெடுக்கலடா. திரும்ப வளைச்சிடு" என்றேன்.

அது சொல்லச் சுலபம். உலையில் கம்பி சிவந்து வந்தது. அவன் இடுக்கியால் பிடித்துப் பட்டடைக்கல்லின் விளிம்பில் வைத்தான். சுத்தியலை ஓங்கினான், கீழே வைத்தான். கம்பி கறுத்துவிட்டது. மறுபடியும் உலையில் வைத்தான்.

"வளைக்கத் தெரியாதா உனக்கு?" என்றார் டிரைவர்.

"தெரியும். கை வர மாட்டேங்குது."

வாழ்நாளில் ஒரு கம்பியை வளைத்தவன் இல்லை அவன். நான் பக்கத்தில் போய் நின்றேன். "நிமிர்த்துறதா நினைச்சுக்கோ. இது இப்போதான் கோணலா இருக்கு. நீ வரைஞ்சதுதான் அதோட நேர்" என்றேன்.

ஒரு கண்ணை மூடினான். அடித்தான். அப்புறம் நிற்கவில்லை. குளிர வைத்துத் தரையில் வரைந்த படத்தின் மேல் வைத்தோம். கரிக்கோடு எங்கும் வெளியே தெரியவில்லை. நான் பெரிய பெரிய மேஸ்திரிகளிடம் வேலை பழகியவன். ஒரு தடவை பார்த்த வளைவை மாதக்கணக்காக மனதில் வைத்திருந்து அப்படியே திருப்பிக் கொடுத்த ஆளை நான் பார்த்ததில்லை. நிமிர்த்துவதற்கு முன்னால் அவன் அத்தனை நேரம் வளைவைப் பார்ப்பானே, அது அத்தனையும் உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறது.

அன்றைக்கே டிரைவரையும் சேர்த்துக்கொண்டு மூவரும் நிலத்துக்குப் போனோம். கணுக்கால் வரை தண்ணீர். கம்பி கிடைத்த இடத்தைச் சுற்றிக் கடப்பாரையால் குத்திப் பார்த்தோம், ஒன்றும் தட்டவில்லை. தையல்காரி குடையைப் பிடித்துக்கொண்டு கரையில் நின்றிருந்தாள்.

"என்ன தேடுறீங்க அண்ணே?"

"தண்ணியை வெளிய விடுற கதவு ஏதாவது இருக்கான்னு தேடுறோம்மா."

"அதை முதல்லயே சொல்ல வேண்டியதுதானே. ஆளுக்கொரு பக்கம் குத்திக்கிட்டிருக்கீங்க. தண்ணி வத்தும்போது கடைசியா அந்த மூலையிலதான் நிக்கும். அழுகுனதை அள்ளுனவ நான், எனக்குத் தெரியாதா? கதவு வைக்கிறவன் பள்ளத்துல வைப்பானா, மேட்டுல வைப்பானா?"

அந்த மூலையில் கரையை வெட்டினோம். வேரும் களிமண்ணும் போனதும் கடப்பாரை கல்லில் தட்டியது. கல்லில் கட்டிய பழைய மதகு ஒன்று. அதன் பக்கவாட்டில் சதுர இரும்பு முனை ஒன்று துருப்பிடித்து நீட்டிக்கொண்டிருந்தது. நேர்கோடு கொண்டையை அதில் பொருத்தினான். உட்கார்ந்தது. அசையவில்லை. மண்ணெண்ணெயும் பழைய எஞ்சின் ஆயிலும் கலந்து ஊற்றிவிட்டு, ஊறட்டும் என்று திரும்பினோம்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போன கொஞ்ச நேரத்தில் செங்கல் சூளைக்காரர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். இரண்டு ஆண்பிள்ளைகள் சேற்றில் நின்று கைப்பிடியைப் பிடித்துத் தொங்குவதைப் பார்த்துவிட்டு, "எதுக்கு இந்தப் பாடு? எப்படியும் நாங்க வெட்டத்தானே போறோம்" என்றார்.

தையல்காரி புருஷனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நேர்கோடு முழுப் பலத்தையும் கொடுத்தான். கழுத்து நரம்பு புடைத்தது. அவனை விலகச் சொல்லிவிட்டுக் கைப்பிடியை வாங்கிக் கொண்டையை விரலால் தடவினேன். சதுர ஓட்டையின் மூலைகள் ஒரு பக்கமாக மட்டும் தேய்ந்திருந்தன. கதவைத் தூக்கும்போதுதான் பாரம். இறக்கும்போது கதவு தன் கனத்தில் தானே இறங்கிவிடும். அப்படியானால் தேய்ந்த பக்கம்தான் திறக்கிற பக்கம்.

"மாப்ளே, நீ மூடுற பக்கம் சுத்திக்கிட்டு இருக்கே. மறுபக்கம் சுத்து."

மறுபக்கம் திருப்பினான். முதலில் ஒன்றுமில்லை. பிறகு மண்ணுக்கு அடியில் பல்லைக் கடிப்பது போல ஒரு சத்தம். கைப்பிடி கால் சுற்று போனது. இன்னும் கொஞ்சம் போய் நின்றுவிட்டது, அதற்கு மேல் வரவில்லை. ஒரு நிமிஷம் எதுவும் நடக்கவில்லை. அப்புறம் மூலையில் மிதந்துகொண்டிருந்த ஒரு காய்ந்த இலை மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தது. கரைக்கு அந்தப் பக்கம் புதருக்குள்ளிருந்து, தாகத்தில் தண்ணீர் குடிக்கிற மாட்டின் தொண்டைச் சத்தம் போல ஒன்று கேட்டது. போய்ப் பார்த்தோம். சேறும் கறுப்புத் தண்ணீருமாக ஓடையில் விழுந்துகொண்டிருந்தது.

தையல்காரி குடையை மடக்கினாள். முதல் பாத்தியின் முதுகு தண்ணீருக்கு மேலே தெரிகிற வரைக்கும் அப்படியே நின்றாள். அது நேராக இருந்தது. அவள் குனிந்து ஒரு வெங்காயத்தைப் பிடுங்கி அமுக்கிப் பார்த்தாள். இன்னும் கெட்டியாக இருந்தது.

"அண்ணே" என்றாள் சூளைக்காரரிடம், "மண்ணு கொடுக்கிறதா இல்லை. உங்களை வீணா அலைய வச்சிட்டோம், டீ குடிச்சிட்டுப் போங்க."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்துத் தன் வண்டிப் பக்கம் திரும்பினார். அங்கே என் மைத்துனன் சேற்றுக் கையோடு உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அவருடைய மோட்டார் சைக்கிளின் கோணல் பிரேக் மிதியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். சூளைக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சரி விடுங்க, வந்ததுக்கு இதாவது நிமிரட்டும்" என்றார்.

கைப்பிடியைப் பட்டறைக் கதவு மேலேயே வைக்கலாம் என்றேன். ஊர் பார்க்கட்டும், என்னவென்று நான் கண்டுபிடித்ததைத் தெரிந்துகொள்ளட்டும் என்று நினைத்தேன். தையல்காரி ஒத்துக்கொள்ளவில்லை. நிலத்துச் சாவி தன் வீட்டுச் சமையலறையில்தான் தொங்க வேண்டும் என்றுவிட்டாள். மாட்டுவதற்கு நன்றாக வளைந்த ஒரு பெரிய ஆணி வேண்டும் என்று புருஷனை என்னிடம் அனுப்பினாள்.

இருவரும் ஆணி டப்பா ஒவ்வொன்றையும் தரையில் கொட்டித் தேடினோம். என் பட்டறை முழுக்க ஒரு கோணல் ஆணி இல்லை. கடைசியில் அவன் நல்ல ஆணி ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சுத்தியலை என் பக்கம் நீட்டினான்.

"நீங்களே வளைச்சுக் கொடுங்க மாமா" என்றான்.